இடுகுறியில் ஒளிந்த காரணம்

பெயர்கள் இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படும் என்பதை நன்னூல் பயின்ற நம் மாணவர் யாவரும் அறிவர். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம். காரணம் ஒன்றும் புலப்படாதவழி, முன்னோர் இட்டு வழங்கினர், நாமும் அவ்வாறே வழங்குகிறோம் என்று சொல்லி அமைகிறோம். அம்முன்னோர் யாவர், எப்பொழுது இட்டனர், இடும்பொழுது அவர் உள்ளத்தில் யாது இருந்தது என்று கேட்பின் விடை கூறுவார் இலர். சொற்கள் பொருள் உணர்த்துதற்குரிய காரணம் பார்த்த அளவிலே விளங்கித் தோன்றுவதன்று எனத் தொல்காப்பியரும் உரியியலில் எச்சரித்துச் சென்றார்.

ஆயினும், பெயரிட்டவர் இன்னார் என்று திட்டமாகத் தெரிந்த மொழிகளும் உலகத்தில் உள்ளன. அவை ஒருவர் தாமே அமர்ந்து ஆக்கிய செயற்கை மொழிகள். அவற்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நாளும் ஒரு தந்தையும் உண்டு. ஆகவே அங்கே சொல்லின் பிறப்பை ஆராய்தல் எளிதாகவன்றோ இருத்தல் வேண்டும்? அவ்வாறில்லை என்பதும், அம்மொழிகளைப் பயில்வோர் சொற்பிறப்பை ஊகித்தும் சிலேடைகளைத் துருவியும் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றனர் என்பதுமே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். இது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளற்க. இயற்கை மொழிகளில் நாம் செய்யும் சொல்லாராய்ச்சி எங்கே தடம் புரள்கிறது என்பதை இச்சிறு ஆய்வுக்கூடத்தில் தெளிவாகக் காணலாம்.

முதலில் எளிய ஒன்றைக் காண்போம். ஜெர்மனியிலே பாடன் நாட்டில் வாழ்ந்த யோஹன் மார்ட்டின் ஷ்லையர் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் 1879–80-ஆம் ஆண்டுகளில் ‘வோலாப்யூக்’ என்றதோர் உலகப் பொதுமொழியை ஆக்கினார். ‘வோல்’ என்பது உலகம்; ‘ப்யூக்’ என்பது பேச்சு. இவை ஆங்கிலத்தில் உலகத்தையும் பேசுதலையும் குறிக்கும் ‘வேர்ல்ட்’, ‘ஸ்பீக்’ என்பவற்றின் சிதைவு என்று சொன்னாலன்றி ஒருவரும் அறியார். நண்பனுக்கு ‘ஃப்லென்’ என்றும் சகோதரனுக்கு ‘ப்லோட்’ என்றும் பெயரிட்டார். இங்கே சிதைவு மனம்போனபடி நிகழ்ந்ததன்று. ரகர ஒலி சீனர் முதலானோர் நாவுக்கு அரிதென்று கருதி, அவர் அதனை விலக்கினார். ஆங்கிலச் சொற்களில் ரகரம் நின்ற இடத்தில் லகரம் வந்தமர்ந்தது. ஒரு சொல்லில் கண்ட திரிபு மற்றொரு சொல்லிலும் அவ்வாறே வருமாயின், அதுவே பிறப்பைக் காட்டும் நற்சான்று. இதனை நினைவில் நிறுத்துக, பின்னர் வேண்டப்படும்.

அடுத்து, வார்ஸா நகரில் 1887-இல் ஸாமன்ஹோஃப் என்னும் கண் மருத்துவர் வெளியிட்ட எஸ்பெராண்டோ. அதில் மணமாகாத பெண்ணுக்கு ‘ஃப்ராவ்லினோ’ என்று பெயர். இது ஜெர்மானியரது ‘ஃப்ராய்லைன்’ என்பதிலிருந்து வந்தது வெளிப்படை. எஸ்பெராண்டோவில் ‘இன்’ என்பது பெண்பால் இடைநிலை. அதனை நீக்கிவிட்டால் ஆண்பால் கிடைக்கவேண்டுமன்றோ? அவ்வாறே நீக்கி, மணமாகாத ஆடவனுக்கு ‘ஃப்ராவ்லோ’ என்ற பெயர் அமைக்கப்பட்டது. ஜெர்மன் மொழியிலோ அவ்வீறு பெண்பால் விகுதியன்று. சிறுமைப்பொருள் தரும் விகுதி. எஞ்சிய ‘ஃப்ராவ்’ என்பதே பெண்ணைக் குறிக்கும் சொல். ஆதலால் எஸ்பெராண்டோ பேசும் பிரமசாரி ஒவ்வொருவனும் தன் பெயருக்குள்ளே ஒரு பெண்ணைச் சுமந்து திரிகிறான்! இதனைச் சிலேடை என்பதா, இலக்கண விளைவு என்பதா? விளைவு என்றே நாம் கொள்வோம்.

அம்மொழியிற் பயில்வோர் மகிழும் சிலேடைகளிற் பலவும் இத்தகைய விளைவுகளே. உடனூழியனுக்கு ‘கொலேகோ’ என்று பெயர். அதனையே ‘கொல்–எக்–ஓ’ எனப் பிரித்தால் ‘பெருங்கழுத்து’ என்று பொருள்படும். ‘சென்தெமா’ என்பதைச் ‘சென்த்–எம்–ஆ’ எனப் பிரிப்பின் ‘எளிதில் மனமுருகும் இயல்புடைய’ என்றாகும். ‘சென்–தெம்–ஆ’ எனப் பிரிப்பின் ‘பேசுதற்குப் பொருளில்லாத’ என்றாகும். தாமரை என்பது பூவாகவும், தாவுகின்ற மரையாகவும் நிற்பதை நாம் பொதுமொழி என்போம். தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி எனப் பகுத்ததும் இதுபற்றியே. சிறு பகுதிகளை அடுக்கிச் சொல்லாக்கும் எம்மொழியிலும் பிரிமொழிச் சிலேடை தானே முளைக்கும். நட்டவர் ஒருவர் வேண்டுவதில்லை.

நட்டவர் ஒருவர் உண்டு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மொழி ஒன்று உண்டு. அதுவே கிளிங்கான்.

‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க விண்வெளிக் கதைத்தொடர் 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதில் வரும் போர்க்குணமிக்க வேற்றுலக இனத்தார் கிளிங்கானியர். 1979-இல் வெளிவந்த திரைப்படத்தில் அவர்கள் பேசிய சில தொடர்களை அப்படத்து நடிகருள் ஒருவரான ஜேம்ஸ் டூஹன் ஒலிக்கோவையாக அமைத்தார். 1984-இல் வந்த மூன்றாம் படத்துக்காக, அச்சிறு வித்தைக் கொண்டு முழுமொழியாக வளர்த்தவர் மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழிநூற் புலவர். இவர் கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளுள் ஒன்றாகிய முட்ஸன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து 1977-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மனிதர் மொழிகளில் மிக அரிதாகிய செயப்படுபொருள், வினை, எழுவாய் என்னும் முறைவைப்பை இதற்கு அளித்தார். அகராதி 1985-இல் வெளிவந்தது. 1992-இல் இம்மொழிக்கென்று ஒரு கழகம் பென்சில்வேனியாவில் தோன்றிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகமும் 1996-இல் இம்மொழியில் பெயர்ந்து அச்சேறியது.

ஆயிரக்கணக்கான வேர்ச்சொற்களை ஒருவர் வெறும் வாயிலிருந்து வருவிக்க இயலுமோ? மனம் எதையேனும் பற்றிக்கொண்டே புதுச்சொல்லை ஈனும். ஓக்ராண்டின் மனம் பற்றிக்கொண்டவற்றுள் நகையும் ஒன்று. சான்றாக, கிளிங்கான் மொழியில் மீனுக்கு ‘கோட்டி’ என்பது போன்ற ஓர் ஒலியுடைய பெயர். (நெல்லை நாட்டு மாணவர் இதைக் கேட்டு நகைத்தல் கூடும், அவர் நினைக்கும் பொருள் இதற்கில்லை.) இதனை ரோமன் எழுத்தில் வரையும்போது ஜி, எச், ஓ, டி, ஐ என்னும் ஐந்தெழுத்துக்களும் இறுதியில் ஒரு குறியும் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மையை எள்ளி நகையாடுவோர், நெடுங்காலமாக இவ்வைந்தெழுத்துக்களையே எடுத்துக்காட்டி வந்தனர். ‘இனஃப்’ என்னும் சொல்லின் ஈற்றில் ஜி, எச் இரண்டும் ஃபகரமாக ஒலிக்கின்றன; ‘விமென்’ என்பதில் ஓ எழுத்து இகரமாகிறது; ‘நேஷன்’ என்பதில் டி, ஐ இரண்டும் ஷகரமாகின்றன. மூன்றையும் கூட்டினால் ‘ஃபிஷ்’, அஃதாவது மீன்! இந்நகை 1855-ஆம் ஆண்டின் ஒரு கடிதத்திலேயே காணப்படுகிறது. பெர்னார்ட் ஷா கூறியது என்று பலரும் சொல்வர்; ஷா பிறந்ததோ 1856-இல்.

ஓக்ராண்ட் செய்தது யாதெனில், ஆங்கிலத்தில் ஒருவரும் எழுதாத அவ்வெழுத்துக்கூட்டலைத் தம் மொழியில் மெய்யாகவே மீனின் பெயராக்கி, எழுதியவாறே ஒலிக்கச் செய்தார். ஆதலால் காதால் கேட்பவர்க்கு இந்நகை புலப்படாது. கண்ணால் காண்பவர்க்கே புலப்படும். இதனினும் அழகிய மறைவிடம் நாம் கண்டதில்லை.

மற்றொன்று ‘சாங்எங்’. இதன் பொருள் ‘இணை’ அல்லது ‘இரட்டை’. 1811-இல் சயாம் நாட்டிலே உடல் ஒட்டிப் பிறந்து, உலகமெங்கும் காட்சியளித்து, 1874-இல் ஒரே நாளில் இறந்த இரட்டையர் சாங், எங் என்பாரை அறிந்தவர்க்கு மேலும் விளக்கம் வேண்டுமோ?

இங்கே நின்று ஒன்றை ஆராய்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஐயமின்றி ஒப்புக்கொள்ளுகிறோமே, அது எதனால்? செவிக்கு இனிமையாக இருப்பதனாலன்று. சொல் நீளமாக இருக்கிறது. ஒலிகளோ எழுத்துக்களோ ஒன்று விடாமல் பொருந்துகின்றன. பொருளும் பரந்துபட்டதன்றிக் குறுகிய தனிப்பொருளாக இருக்கிறது. ஐந்தெழுத்தும் வரிசை மாறாமல் அமைந்து, அதன் பொருளும் மீனாகவே இருத்தல் தற்செயலாக நிகழுமென்று சொல்ல ஒருவரும் துணியார்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு பிறவற்றை அளந்து பார்ப்போம். ‘பிர்’ என்றால் குளிர்தல். ஆங்கிலேயர் குளிரில் நடுங்கி எழுப்பும் ஒலிக்குறிப்பும் அதுவே. ‘இவ்’ என்றால் இரத்தம். அவர் அருவருப்புற்றால் சொல்வது ‘ஈவ்’. ‘ஓய்’ என்றால் நோவு. கிழக்கைரோப்பிய யூதர் பேசும் இத்திஷ் மொழியில் துன்பம் வந்துழி எழும் குறிப்புச்சொல்லும் ‘ஓய்’ என்பதே. மூன்றும் உணர்ச்சியொலிகளாய் ஒரே இனத்தனவாக இருத்தலின், ஒன்றுக்கொன்று சாட்சியாகின்றன. தனித்தனியே நின்றால் ஐயுறலாம். கூடி நிற்கையில் நம்பலாம் என்பது நம் கருத்து.

ஆனால் ‘டின்’ என்னும் சொல்லுக்குப் பெரிதாதல் என்றும், ‘மாச்’ என்பதற்குச் சிறிதாதல் என்றும் பொருள் கண்டு, ஆங்கிலத்திலே ‘டைனி’ என்பது மிகச் சிறியதையும் ‘மச்’ என்பது மிகுதியையும் குறித்தலால், ஆசிரியர் வேண்டுமென்றே தலைகீழாக்கினார் என்கின்றனர் சிலர். இரண்டும் ஒருங்கே தலைகீழாதல் கவர்ச்சியுடையதுதான். இவ்விணையை மட்டும் மறுக்க நாம் துணியவில்லை. எனினும் இவ்வழியே செல்வோர் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. பொருள் ஒத்தாலும் சிலேடை, பொருள் முரணினும் சிலேடை என்று ஒருவர் கொள்வாராயின், அவர் வலையில் அகப்படாத சொல் யாது? எல்லா மீனையும் பிடிக்கும் வலை, இன்ன மீன் இக்குளத்தில் உண்டு என்று அறிதற்குப் பயன்படாது.

ஒரு கணக்கும் இவ்விடத்து வேண்டும். கிளிங்கான் மொழியில் மெய்யொலி 21, உயிரொலி 5. அதன் வேர்ச்சொற்களிற் பெரும்பாலன மெய், உயிர், மெய் என்று அமைந்த ஓரசைச் சொற்கள். 21-ஐ ஐந்தாலும், மீண்டும் 21-ஆலும் பெருக்கினால் 2,205 ஆகும். ஆக, இவ்வகையில் அமையத்தக்க அசைகள் ஏறத்தாழ 2,200 மட்டுமே. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன, தமிழிலும் குறைவில்லை. இத்துணைச் சிறிய அரங்கில் இருகூட்டத்தாரும் நுழைந்தால், ஒருவர் காலை ஒருவர் மிதித்தல் தவிர்க்க இயலாதது. குறுஞ்சொற்கள் ஒத்திருப்பது வியப்பன்று. ஒன்றுகூட ஒவ்வாதிருப்பின் அதுவே வியப்பு.

இதற்குத் தமிழிலிருந்தே சான்று தருவோம். கிளிங்கான் மொழியில் ‘வல்’ என்றால் அறிவுக்கூர்மையுடையதாதல். நம் மொழியில் வல்லவன், வல்லுநர், வன்மை என்பவற்றின் பகுதி யாது? ‘வல்’ அன்றோ! இன்னும் கேண்மின்: அம்மொழியில் கண்ணுக்கு ‘மின்’ என்று பெயர். கண் மின்னுவது, மின்னுதலால் விண்மீனும் மீன் எனப்பட்டது என்பாருளர், நம் புலவர் மகளிர் கண்ணைக் கயலென்றும் மீனென்றும் பாடிப் பாடி ஓயார், மதுரையில் கோயில் கொண்டிருக்கும் அம்மையின் பெயரும் மீனாட்சி. இத்துணைப் பொருத்தம் ‘பிர்’ என்பதற்கும் இல்லை, ‘இவ்’ என்பதற்கும் இல்லை. ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்துகிறது, இலக்கிய மரபும் துணை நிற்கிறது. நாவன்மை உடைய ஒருவர் இதனைக் கொண்டு கிளிங்கானியரைப் பாண்டிநாட்டுக் குடிகளாக்கிவிடலாம்.

ஆயினும் இது ஒன்றுமில்லை. சொல் மிகக் குறுகியது. இரண்டு எடுத்துக்காட்டுக்கும் இடையே ஒழுங்கான திரிபு யாதும் இல்லை. வோலாப்யூக்கில் ரகரம் லகரமானது போல, தமிழின் இன்ன ஒலி கிளிங்கானில் இன்னதாகும் என்று விதி வகுக்க முயன்றால் மூன்றாவது சொல்லிலேயே விதி முறிந்துவிடும். காலுக்கும் கைக்கும் தலைக்கும் ஒப்பனவாகச் சொற்களைத் தேடின் ஒன்றும் அகப்படா. அகப்பட்ட இரண்டை ஏந்திக்கொண்டு, அகப்படாத இருநூறை மறைத்தலே இவ்வகை ஆராய்ச்சியின் இலக்கணம். பிறநாட்டு ஊர்ப்பெயர்களையும் மலைப்பெயர்களையும் தமிழாகப் பிரித்துக் காட்டும் கட்டுரைகளை நம்முள் பலர் விரும்பிப் படிக்கிறோம். அவற்றைப் படிக்குங்கால் இந்த ‘மின்’ என்னும் சொல்லை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

சிலர் கேட்பர்: ஆக்கியோன் உயிரோடிருக்க, ஊகம் எதற்கு? அவரையே வினவித் தெளியலாகாதோ? வினவலாம். ஆனால் ஓக்ராண்ட் ஓர் உத்தி செய்தார். 1984-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சிறைப்பட்ட மால்ட்ஸ் என்னும் கிளிங்கானியனிடமிருந்தே தாம் இச்சொற்களைக் கேட்டறிவதாக ஒரு புனைந்துரை வைத்துக்கொண்டார். ஆகவே சொல்லின் பிறப்பைப்பற்றிக் கேட்டால், மால்ட்ஸ் அவ்வாறு கூறினான் என்பதே விடையாய் முடியும். விளையாட்டாயினும் நேர்மையான விளையாட்டே. விடுகதை போட்டவன் விடையையும் உடனே சொல்லிவிட்டால் சபையில் சுவை ஏது?

சொல்ல விரும்பிய ஆக்கியோரும் முற்றச் சொல்ல வல்லரல்லர் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் டோல்கீன் (1892–1973) சான்றாவார். அவர் இளமை முதல் தாமே மொழிகள் படைத்து, அம்மொழிகளுக்கு இடமாகவே கதையுலகம் ஒன்றையும் படைத்தவர். அவர் கதையில் மலைக்கடியில் உள்ள குகைநகரொன்றின் பெயர் மோரியா. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற மோரியா தேசத்தை அறிந்த வாசகர், இரண்டையும் இணைத்துப் பொருள் காண முயன்றனர். கொடியோன் சௌரோன் பெயரை, பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இணைத்தவரும் உளர். 1967-இல் ஒரு வாசகருக்கு விடையாக வரைந்த கடிதத்தில் டோல்கீன் இவற்றை மறுத்தார். மோரியா என்பது அவர் மொழியிலேயே ‘கரும்பிலம்’ என்று பிரிந்து பொருள்படும். சௌரோன் என்பது ‘அருவருக்கத்தக்கவன்’ என்னும் பொருளுடையதாய், அம்மொழியின் வேரிலிருந்தே முறைப்படி திரிந்தது. அகத்தே வேர் இருக்கப் புறத்தே வேர் தேடலாகாது என்பது அவர் கொள்கை. நாமும் அதற்கு உடன்படுகிறோம்.

ஆனால் அக்கடிதத்திலேயே அவர் ஒன்றை ஒப்புக்கொள்ளுகிறார். கொடியோர் மொழியில் மோதிரத்துக்கு ‘நஸ்க்’ என்று அவர் பெயரிட்டிருந்தார். தாமே ஆக்கியது என்றே எண்ணியிருந்தார். கேலிக் மொழியிலும் வளையத்துக்கு ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல் உண்டென்பதைப் பின்னர்க் கண்டபோது, என்றோ தம் கண்ணிற் பட்டு மறந்துபோன அச்சொல்லே தம்மையறியாமல் நினைவின் ஒரு மூலையிலிருந்து வெளிப்பட்டிருக்கவேண்டும் என்று கருதினார். மற்றொரு சொல்லிலோ வேறு விதமாக நேர்ந்தது. கடலில் மூழ்கிய தீவைக் குறிக்க, ‘வீழ்தல்’ என்னும் பொருளுடைய தம் வேரினின்றும் இலக்கண விதிப்படி அவர் அமைத்த பெயர் ‘அட்டலான்டே’ என்றாயிற்று. பிளேட்டோ கூறும் அட்லாண்டிஸ் தீவின் பெயரோடு அது ஒத்திருப்பது விந்தையான தற்செயல் என்று அவரே எழுதினார். மோதிரத்தின் பெயரில் மறைந்த காரணம் உண்டென்றார். தீவின் பெயரில் இல்லையென்றார். வெளியிலிருந்து நோக்கும் நமக்கோ இரண்டாவதே வலிய சிலேடையாகத் தோன்றும்.

இனி, மாணவர் தாமே ஆராய்ந்து பார்க்கும்பொருட்டு மூன்று கிளிங்கான் சொற்களைத் தந்து முடிக்கிறோம். ‘மோன்’ என்பது புன்னகைத்தல். லியனார்டோ டா வின்சியின் புகழ்பெற்ற ஓவியத்தை நினைக்க. ‘குல்’ என்பது நெருப்பு. ஆங்கிலத்தில் குளிர்ச்சியைக் குறிக்கும் சொல்லை நினைக்க, வலையைப்பற்றி மேலே கூறியதையும் நினைக்க. ‘லெஸ்பால்’ என்பது நரம்புக் கருவி. மின்சாரக் கிதார் வரலாற்றில் இடம்பெற்று 2009-இல் மறைந்த இசைவாணர் லெஸ் பால் பெயரை நினைக்க. இம்மூன்றனுள் எதற்கு எத்துணை மதிப்பெண் தரலாம் என்பதை, சொல்லின் நீளத்தையும் பொருளின் குறுக்கத்தையும் எண்ணிப் பார்த்து, அவரவர் தாமே முடிவு செய்க.